பாராசூட் இருந்தது, அவர் வாங்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் வந்த இரண்டாம் உலகப் போர் கட்டுரையை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். 1942 மே 30 இரவு ஜெர்மனியின் கொலோன் நகரத்தின் மேல் பிரிட்டன் ஆயிரத்துக்கும் அதிகமான விமானங்களை ஒரே நேரத்தில் அனுப்பிய கதையைத் தமிழில் இவ்வளவு விளக்கமாகப் படிக்கக் கிடைப்பது அபூர்வம், அதற்கு முதலில் நன்றி. ஆனால் கடைசிப் பத்தியில் ஒரு வரி இருந்தது. அன்றைய தாக்குதலுக்காக, பிரிட்டனின் மிக உயர்ந்த போர் வீர விருதான விக்டோரியா கிராஸ் பெற்ற லெஸ்லி மான்சர் என்ற விமானி, பாராசூட் இல்லாததால் குதிக்க முடியாமல் விமானத்தோடு மாண்டுபோனார் என்ற பொருளில். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். பாராசூட் இருந்தது. அவரிடம் அதை நீட்டினார்கள். அவர் வாங்கவில்லை.

சின்னத் தவறுதானே, இதற்கு ஒரு கடிதமா என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கு அது சின்னதாகப் படவில்லை. பாராசூட் இல்லாமல் செத்தார் என்றால் அது விபத்து, பாவம் என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கம் புரட்டிவிடுவோம். கைக்கு எட்டிய பாராசூட்டை ஒதுக்கித் தள்ளிவிட்டு நீ குதி என்று அடுத்தவரை அனுப்பினார் என்றால் கதையே வேறு. இந்த மனிதரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் பல வருடங்களாகத் தேடித் தேடிப் படித்து வருகிறேன், அந்த உரிமையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கட்டுரையில் விட்டுப்போன இன்னொரு விஷயம், மான்சர் பிறந்தது புதுடெல்லியில். 1922 மே 11. அப்பா அஞ்சல் தந்தித் துறையில் பொறியாளராக இருந்தார். புதிய தலைநகரத்துக்கான கட்டிடங்கள் அப்போது எழும்பிக்கொண்டிருந்தன, வேலை முழுதாக முடிந்து திறப்பு விழா நடக்கவே 1931 ஆகிவிட்டது. பிறகு குடும்பம் இங்கிலாந்து திரும்பி ஹெர்ட்ஃபர்ட்ஷயரில் ராட்லெட் என்ற ஊரில் குடியேறியது, பையன் பக்கத்தில் ஆல்டன்ஹாம் பள்ளியில் படித்தான். போர் வந்ததும் தரைப்படைக்கும் கடற்படைக்கும் முயன்று பார்த்திருக்கிறார், சரிவரவில்லை. 1940 ஆகஸ்டில் விமானப்படை எடுத்துக்கொண்டது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் 50-ஆம் ஸ்குவாட்ரன் என்ற விமானப் பிரிவில் சேர்ந்தார், சேர்ந்த சில நாட்களிலேயே ஃப்ராங்க்ஃபர்ட் மேல் முதல் தாக்குதலுக்குப் போய்வந்தார். கொலோன் இரவு வந்தபோது அவருக்கு இருபது வயது நிறைந்து இருபது நாள்கூட முழுதாக ஆகவில்லை. அந்த வயதில் ஏழு பேர் இருக்கும் விமானத்துக்குத் தலைவர். மற்ற ஆறு பேரின் உயிரும் அவர் சொல்லும் ஒரு வார்த்தையில்.

அப்புறம் அந்த விமானம். அதைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்லவே முடியாது, உங்கள் கட்டுரை அதை மான்செஸ்டர் ரகம் என்று ஒரே சொல்லில் கடந்துவிட்டது. மான்செஸ்டர் என்பது ஆவ்ரோ நிறுவனம் கட்டிய இரட்டை எஞ்சின் குண்டுவீச்சு விமானம். அதில் பொருத்தியது ரோல்ஸ் ராய்ஸின் வல்ச்சர் எஞ்சின், இரண்டு எஞ்சின்களை ஒன்றோடு ஒன்று ஒட்டவைத்த மாதிரி 24 சிலிண்டர் கொண்டது. காகிதத்தில் பார்க்கப் பிரமாதம். வானத்தில் அது அடிக்கடி சூடேறியது, பேரிங் போனது, சில சமயம் தானாகவே தீப்பிடித்தது. இரண்டில் ஒன்று நின்றுபோனால் மிஞ்சிய ஒன்றை நம்பி உயரத்தைக் காப்பாற்றிக்கொண்டு வீடு வந்து சேருவது பெரும்பாடு. இருநூறு சொச்சம்தான் கட்டினார்கள். அதே உடம்பில் நல்ல மெர்லின் எஞ்சின் நான்கைப் பொருத்தினார்கள், அதுதான் லங்காஸ்டர், போர் முடிவதற்குள் ஏழாயிரத்துக்கு மேல் செய்து தள்ளினார்கள். கொலோனுக்கு அன்று போன கூட்டத்தில் லங்காஸ்டர்களும் இருந்தன. மான்சரின் ஸ்குவாட்ரனும் அந்த ஆண்டே லங்காஸ்டருக்கு மாறிவிட்டது. மான்செஸ்டரை 1942 ஜூன் மாதக் கடைசியோடு போரிலிருந்தே எடுத்துவிட்டார்கள், அதாவது மான்சர் இறந்து நான்கு வாரத்துக்குள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும். ஒரு மாதம், ஒரே ஒரு மாதம்.

ஆயிரம் என்ற எண்ணிக்கையைக் காட்டவேண்டும் என்று பிரிட்டனின் குண்டுவீச்சுப் படைத் தளபதி ஆர்தர் ஹாரிஸ் பிடிவாதமாக இருந்தார். போர்முனை ஸ்குவாட்ரன்களில் அவ்வளவு விமானம் கிடையாது. பயிற்சிப் பள்ளிகளிலிருந்து ஆசிரியர்களையும் பயிற்சி முடிக்காத மாணவர்களையும் பழைய விமானங்களில் ஏற்றி எண்ணிக்கையைச் சேர்த்தார்கள். மொத்தம் 1,047 கிளம்பின. எங்கெங்கோ ஒதுக்கி வைத்திருந்தவையும் வெளியே வந்தன. மான்சருக்குக் கிடைத்ததும் அப்படிப்பட்ட ஒன்றுதான், அவர் வழக்கமாக ஓட்டும் விமானமே அல்ல, வேறு தளத்திலிருந்து கொண்டுவந்தது. ஸ்கெல்லிங்தார்ப் தளத்திலிருந்து தீக்குண்டுகளை ஏற்றிக்கொண்டு எழும்பினால், அது 7,000 அடிக்கு மேல் ஏறமாட்டேன் என்கிறது. இன்னும் ஏற்றப் பார்த்தால் எஞ்சின் கொதிக்கிறது. அந்த உயரத்தில் போவது பீரங்கிக்காரர்களுக்கு விருந்து. திரும்பிப் போய்விடலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். போனார்.

இனி நடந்ததை அவசரப்படாமல் சொல்கிறேன், பெரும்பாலும் விருதுக்கான அதிகாரப்பூர்வ அறிவிப்பில் உள்ளபடி. இலக்கை நெருங்கும்போதே தேடொளி விளக்குகள் விமானத்தைப் பிடித்துக்கொண்டன. இரவு வானத்தில் கீழிருந்து ஒரு விளக்கு பிடித்தால் பக்கத்து விளக்குகளும் அதையே வந்து கவ்விக்கொள்ளும், உள்ளே இருப்பவருக்குக் கண்ணாடியில் வெள்ளையைத் தவிர வேறெதுவும் தெரியாது, அந்த வெளிச்சத்தைக் குறிவைத்துப் பீரங்கிகள் சுடும். மான்சர் திசை மாற்றவில்லை. குண்டுகளைப் போட்டார். பிறகுதான் விமானத்தைச் சட்டென்று வளைத்துத் திருப்பினார், ஆயிரம் அடிக்கும் கீழே இறக்கிப் பார்த்தார், நகரத்தின் எல்லை தாண்டும்வரை விளக்கும் குண்டும் விடவில்லை. வால் பகுதியில் துப்பாக்கியோடு இருந்தவர் காயப்பட்டார். முன்பகுதி முழுக்கப் புகை. இடது எஞ்சின் சூடேறிக்கொண்டே போனது.

மிஞ்சியிருந்த சக்தியைக் கொண்டு 2,000 அடிக்கு ஏற்றினார். அப்போது இடது எஞ்சின் பற்றிக்கொண்டது. பத்து நிமிடம் எரிந்தது. பத்து நிமிடம் என்று எழுதுவது சுலபம், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்து பாருங்கள், பக்கத்து இறக்கையில் தீ எரிகிறது என்று நினைத்துக்கொண்டு. இறக்கையில் ஒரு பகுதி கருகிப்போனது. தீ அடங்கியது, எஞ்சின் மட்டும் திரும்ப உயிர் பெறவில்லை. வேகம் குறைந்தது, உயரமும் குறையத் தொடங்கியது. குழுவினர் உள்ளே இருந்த பொருள்களையெல்லாம் வெளியே தூக்கி எறிந்து கனத்தைக் குறைத்தார்கள். மான்சர், இங்கிலாந்தின் தென்கிழக்கு ஓரத்தில் இருக்கும் மான்ஸ்டன் தளத்துக்காவது போய்ச் சேரலாமா என்று திசையைத் திருப்பினார். நடக்கவில்லை. பெல்ஜியத்தின் வடகிழக்கில், டச்சு எல்லைக்குப் பக்கத்தில் ப்ரே என்ற ஊரை நெருங்கும்போது, இனி விழுவது உறுதி என்றானதும் எல்லோரையும் குதிக்கச் சொன்னார்.

அந்தக் கடைசி நிமிடத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும், உங்கள் கட்டுரையின் தவறு அங்கேதான் இருக்கிறது.

இரட்டை எஞ்சின் விமானத்தில் இடது எஞ்சின் செத்துவிட்டால் வலது எஞ்சின் ஒன்றுதான் இழுக்கும். அதனால் மூக்கு இடது பக்கம் திரும்பப் பார்க்கும், இடது இறக்கை தொங்கப் பார்க்கும். விமானி வலது காலால் ரட்டர் பெடலை, அதாவது வாலில் இருக்கும் சுக்கானைத் திருப்பும் மிதியை, முழுப் பலத்தோடு மிதித்துப் பிடித்து, கையால் சக்கரத்தை எதிர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தால்தான் அது நேராகப் போகும். வேகம் குறையக் குறைய, சுக்கானில் மோதும் காற்றுக்கு வலு குறையும், மிதி இன்னும் அதிகம் வேண்டும், கடைசியில் எவ்வளவு மிதித்தாலும் போதாத ஒரு வேகம் வந்துவிடும். அந்த நேரத்தில் கையையும் காலையும் எடுத்தால் விமானம் ஒரு பக்கமாகப் புரண்டு தலைகீழாகிவிடும். புரளும் விமானத்துக்குள் இருப்பவர்களைச் சுவரோடு சுவராக அழுத்திவிடும், கதவு பக்கத்திலேயே இருந்தாலும் நகரவே முடியாது. யாராவது ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தால்தான் மற்றவர்கள் குதிக்க முடியும், அந்த ஒருவர் விமானியைத் தவிர வேறு யாராகவும் இருக்க முடியாது.

பாராசூட்டும் நாம் படத்தில் பார்க்கிற மாதிரி முதுகில் கட்டியது இல்லை. உடம்பில் வார்ப்பட்டை மட்டும் எப்போதும் இருக்கும், பாராசூட் மூட்டை தனியாக வைத்திருப்பார்கள், அதை எடுத்து நெஞ்சில் இருக்கும் இரண்டு கொக்கியில் மாட்டவேண்டும். அதற்கு இரண்டு கையும் வேண்டும். பிறகு இருக்கையை விட்டு எழுந்து, கீழே இறங்கி, மூக்குப் பகுதித் தரையில் இருக்கும் திறப்புக்குப் போகவேண்டும். மான்சரின் இரண்டு கையும் சக்கரத்தில்.

மற்ற ஐந்து பேரும் போய்விட்டார்கள். கடைசியாக இருந்தவர் இரண்டாம் விமானி சார்ஜென்ட் லெஸ்லி பேவிஸ்டாக், இருவருக்கும் ஒரே பெயர். அவர் மான்சரின் பாராசூட்டை எடுத்து நீட்டினார். மான்சர் கையை அசைத்து அதை ஒதுக்கினார். உடனே குதி, இன்னும் சில நொடிதான் என்னால் இதை நேராகப் பிடித்திருக்க முடியும் என்று சொன்னார். அரசு அறிவிப்பிலேயே இது இருக்கிறது, யாரோ பின்னால் கட்டிய கதை அல்ல. பேவிஸ்டாக் குதித்தபோது தரை எவ்வளவு பக்கத்தில் இருந்தது என்றால், அவருடைய பாராசூட் சரியாக விரிவதற்குக்கூட நேரம் இல்லை. ஓர் ஓடைத் தண்ணீரில் போய் விழுந்தார், அந்தத் தண்ணீர்தான் அவரைக் காப்பாற்றியது. இறங்கிக்கொண்டிருந்தவர்கள் கண்முன்னாலேயே விமானம் தரையில் மோதி எரிந்தது. உள்ளே மான்சர்.

அவரால் கணக்குப் போட்டுப் பார்க்க முடியாமல் இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன். மூட்டையை மாட்ட சில நொடி, எழுந்திருக்க சில நொடி, திறப்புக்குப் போக சில நொடி. தன்னிடம் இருப்பதோ மொத்தமே சில நொடி. அதைத் தனக்குச் செலவழித்தால் இருவரும் உள்ளே. பேவிஸ்டாக்குக்குக் கொடுத்தால் ஒருவர் வெளியே.

இதைச் சொல்லும்போது ஒரு கேள்வியையும் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும், படிக்கிற யாருக்கும் வரும் கேள்விதான். 2,000 அடியில் எஞ்சின் எரியும்போதே எல்லோரையும் குதிக்கச் சொல்லியிருந்தால் ஏழு பேரும் பிழைத்திருப்பார்களே? ஆமாம், விருது அறிவிப்பே அதை ஒப்புக்கொள்கிறது, அந்தச் சமயத்தில் எல்லோரும் பத்திரமாகக் குதித்திருக்க முடியும் என்று. அவர் எதிரியின் கையில் ஆட்களும் விமானமும் சிக்கக்கூடாது என்று முயன்றார். காயம்பட்ட ஒருவரும் உள்ளே இருந்தார். இது சரியான முடிவா என்று சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் தெரிகிறது, தன்னுடைய முடிவுக்கான விலையைக் கட்ட வேண்டிய நேரம் வந்தபோது அதை வேறு யார் தலையிலும் அவர் ஏற்றவில்லை.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்ததுக்கு வருகிறேன். இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? விமானத்தோடு போனவர் வந்து சொல்லப்போவதில்லை. மற்ற ஆறு பேரும் விழுந்தது ஜெர்மானியர் பிடியில் இருந்த நாட்டில். விமானத்துக்கு வழி கணித்துச் சொல்லும் நேவிகேட்டர் பார்ன்ஸ் மட்டும் பிடிபட்டுப் போர்க்கைதியானார். மிச்சம் ஐந்து பேர், பேவிஸ்டாக், ஹார்ஸ்லி, கிங், மில்ஸ், நெய்லர், இவர்களை அந்தப் பகுதிக் குடியானவர்களும் ஊர்க்காரர்களும் ஒளித்து வைத்தார்கள். பிறகு கோமெட் என்ற ரகசியப் பாதை வழியாக லியேஜ், பிரஸ்ஸல்ஸ், பாரிஸ், அங்கிருந்து தெற்கே ஸ்பெயின் எல்லை, இரவோடு இரவாகப் பிரனீஸ் மலையைக் கால்நடையாகத் தாண்டி, கடைசியில் பிரிட்டன் வசம் இருந்த ஜிப்ரால்டர் என்று கை மாற்றி கை மாற்றிக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அதே ஆண்டு ஐந்து பேரும் இங்கிலாந்து வந்து சேர்ந்தார்கள், நடந்ததைச் சொன்னார்கள். அதற்குப் பிறகுதான், 1942 அக்டோபரில், மான்சருக்கு விக்டோரியா கிராஸ் அறிவிக்கப்பட்டது.

அந்தக் கோமெட் பாதையைத் தொடங்கி நடத்தியவர் யார் தெரியுமா? ஆந்த்ரே தெ யோங் என்ற பெல்ஜியப் பெண், அப்போது வயது 25. அப்பா ஃப்ரெடெரிக் பள்ளி ஆசிரியர், மகளுக்குத் துணையாக அதே வேலையில் இறங்கினார். விமானிகளை ஒளித்து வைத்தால் ஆண்களுக்கு மரண தண்டனை, பெண்களுக்கு வதை முகாம் என்று ஜெர்மானியர்கள் சுவரெல்லாம் ஒட்டியிருந்த காலம். 1943 ஜனவரியில் ஆந்த்ரே பிரனீஸ் அடிவாரத்தில் ஒரு பண்ணை வீட்டில் பிடிபட்டார், ராவென்ஸ்ப்ரூக், மவுட்ஹவுசன் முகாம்களில் கிடந்து பிழைத்து வந்தார். அப்பா பிழைக்கவில்லை, 1944 மார்ச்சில் பாரிசில் சுட்டுக்கொன்றார்கள். போருக்குப் பிறகு அந்தப் பெண் ஆப்பிரிக்காவில் தொழுநோயாளிகளுக்கு நர்ஸ் வேலை பார்த்தார், 2007-இல்தான் காலமானார். மான்சரின் பெயர் இன்றைக்கு நமக்குத் தெரிகிறது என்றால், அந்த ஐந்து பேருக்குக் கதவைத் திறந்துவிட்ட இந்த மாதிரி ஆட்களால்தான். அடுத்த தடவை எழுதும்போது இவர்களுக்கு ஒரு பத்தியாவது ஒதுக்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இதை யோசித்தால் இன்னொன்றும் மனதை அறுக்கிறது. அந்தப் போரில் பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் இறந்தவர்கள் 55,573 பேர். பறந்தவர்கள் சுமார் 1,25,000, அத்தனை பேரும் தாமாக முன்வந்தவர்கள். கிட்டத்தட்ட இரண்டு பேருக்கு ஒருவர் திரும்பவில்லை. கொலோன் இரவில் மட்டும் 41 விமானம் போயின, அதுவரை ஒரே இரவில் அவ்வளவு போனதில்லை. இந்தக் கூட்டத்தில் கடைசிவரை சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களை வெளியே அனுப்பப் பார்த்த விமானிகள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? வெளியே போனவர்களும் பிழைக்கவில்லை என்றால் சாட்சி ஏது, விருது ஏது? வீட்டுக்கு வருவது ஒரு தந்தி, காணவில்லை என்று. அவ்வளவுதான். மான்சருக்குக் கொடுத்த பதக்கத்தை அவர்களுக்கும் சேர்த்துக் கொடுத்ததாகத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

அதே மூச்சில் கீழே இருந்தவர்களையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நான் எழுதுவது பாதிக் கதை. கொலோனில் அன்றிரவு ஏறத்தாழ 470 பேர் செத்தார்கள், பெரும்பாலும் ஊர்மக்கள். 45,000 பேருக்கு வீடு போயிற்று. விழுந்ததில் மூன்றில் இரண்டு பங்கு தீக்குண்டுகள், மான்சரின் விமானம் சுமந்துபோனதும் அதைத்தான். ஊர்களை எரிக்கும் அந்தக் கொள்கையை நான் நியாயப்படுத்த வரவில்லை. பேராலயம் தப்பியது, சுற்றியிருந்த தெருக்கள் தப்பவில்லை. ஓர் இருபது வயதுப் பையன் அந்தக் கொள்கையை வகுக்கவில்லை, ஆனால் அதைச் சுமந்து போனான், இரண்டும் உண்மை. நான் மதிப்பது குண்டைப் போட்டதையல்ல. திரும்பி வரும் வழியில், ஒரு மூட்டையைக் கையால் ஒதுக்கினாரே, அதை.

முடிக்கும் முன் அந்தக் குடும்பத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் அது நம் மண்ணைத் தொடுகிறது. மான்சரின் சகோதரியை மணந்தவர் ஜான் நீல் ராண்டில். அவர் பிறந்தது காசியில், 1917-இல். 1944 மே மாதம் கோஹிமாவில் ஜப்பானியரை எதிர்த்து நடந்த சண்டையில் ராயல் நார்ஃபோக் படைப்பிரிவில் கம்பெனி என்று சொல்லும் ஒரு படைக்குழுவுக்குத் தலைமை தாங்கினார், முழங்காலில் ஏற்கெனவே காயம். தன் ஆட்களை ஒரு பதுங்கு குழியின் இயந்திரத் துப்பாக்கி அரித்துக்கொண்டிருந்தபோது தனியாக அதை நோக்கி ஓடினார், வழியிலேயே குண்டடி பட்டும் நிற்காமல் போய்த் திறப்புக்குள் கையெறி குண்டைப் போட்டுவிட்டு, தன் உடம்பையே அந்தத் திறப்பின் மேல் சாய்த்து அடைத்தார். 26 வயது. அவருக்கும் இறந்த பிறகு விக்டோரியா கிராஸ். கோஹிமாவில் இன்றும் அவருடைய கல்லறை இருக்கிறது. டெல்லியில் பிறந்தவர் பெல்ஜியத்தில், லூவன் நகருக்குப் பக்கத்தில் ஹெவெர்லீ போர்க் கல்லறைத் தோட்டத்தில் கிடக்கிறார், காசியில் பிறந்தவர் நாகாலாந்தில். இருவருக்கும் நடுவில் ஒரு பெண், இரண்டு வருடத்துக்குள் தம்பியோ அண்ணனோ ஒருவரையும் கணவரையும் இழந்தவர். அவரைப் பற்றி எந்தப் பதக்க அறிவிப்பிலும் ஒரு வரியும் கிடையாது.

பேவிஸ்டாக் என்ன ஆனார் என்றும் சொல்லிவிடுகிறேன், ஓடைத் தண்ணீரில் விழுந்தாரே அவர். திரும்பி வந்து சண்டர்லண்ட் என்ற கடல் விமானத்துக்குத் தலைவரானார். 1944-இல் இரண்டு ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்களை மூழ்கடித்தார், நெஞ்சு நிறையப் பதக்கம். போருக்குப் பிறகும் நெடுநாள் வாழ்ந்தார், மான்சரைப் பற்றிச் சொல்ல ஆள் இருந்தது. மான்சர் கொடுத்த அந்தச் சில நொடியில் எத்தனை வருடம் இருந்திருக்கிறது பாருங்கள்.

லிங்கன் நகரத்தின் ஓரத்தில், ஸ்கெல்லிங்தார்ப் விமான தளம் இருந்த இடத்தில் இன்று வீடுகள் வந்துவிட்டன. அங்கே ஒரு ஆரம்பப் பள்ளிக்கு லெஸ்லி மான்சர் என்று பெயர். அவர் கடைசியாகத் தரையை விட்டு எழும்பிய இடத்தில் இன்று ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகள் விளையாடுகின்றன. விமானம் விழுந்த இடத்திலும் பெல்ஜிய மக்கள் ஒரு நினைவுச் சின்னம் வைத்திருக்கிறார்கள். அந்தக் குழந்தைகளுக்கு அவர்களுடைய ஆசிரியர்கள் அவர் எப்படி இறந்தார் என்று சரியாகத்தான் சொல்லிக்கொடுப்பார்கள். நம் வாசகர்களுக்கும் சரியாகப் போய்ச் சேரட்டும் என்பதுதான் என் ஆசை.

கடிதம் முழுவதையும் போட இடம் இருக்காது, தெரியும். வரும் ஞாயிறு ஏதாவது ஒரு மூலையில் திருத்தம் என்று போட்டு இரண்டு வரி கொடுத்தாலும் போதும். பாராசூட் இருந்தது. பேவிஸ்டாக் அதை எடுத்து நீட்டினார், மான்சர் வாங்காமல், நீ உடனே குதி என்றார்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்